மிளகிலிருந்து கொண்டைக்கடலைக்கு: ஒரு முயல் வயிற்றின் ஏழு வாரக் கணக்கு

நேற்றுக் காலை ஆறு மணிக்கு முயலின் கழிவுத் தட்டில் கிடந்த புழுக்கை 41 கிராம். ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு, வைக்கோல் நிறம், விரலில் நசுக்கினால் புல் தூளாக உதிர்கிறது. ஏழு வாரம் முன்பு இதே தராசில் 9 கிராம்தான் இருந்தது. அதிலும் பாதி மிளகு அளவு, கறுப்பு, உதிர்ந்த முடியில் கோத்த மணி மாதிரி. இடையில் செய்ததும், செய்து கெட்டதும் கீழே.

முயல் மூன்று வயதுப் பெட்டை, கலப்பின வெள்ளை, சிவப்புக் கண், எடை 2.1 கிலோ. இடம் திருச்சி, இரண்டாம் மாடி, மேலே மொட்டை மாடி. மாசிக் கடைசியில் தொடங்கி சித்திரை நடுவில் முடிந்த வேலை. பழைய தீனி இது: பண்ணை முயலுக்குப் போடும் தீவனக் குச்சி நாளுக்கு 110 கிராம், காலையில் அரை கேரட், மாலையில் சப்பாத்தித் துண்டு, யார் கையில் பிஸ்கட் இருந்தாலும் அதில் ஒரு கடி. புல் கிடைத்த அன்று புல். அந்தக் குச்சி இறைச்சிக்கு வளர்க்கும் முயல் சீக்கிரம் எடை போடுவதற்காகச் செய்தது. மக்காச்சோளமும் பிண்ணாக்கும்தான் அதில் பிரதானம். மூன்று மாதத்தில் விற்கப்போகிற முயலுக்கு அது சரி. எட்டு பத்து வருடம் வாழ வேண்டியதற்கு இல்லை.

வாங்கிய சாமான்: ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு 450 ரூபாய், டிஜிட்டல் வெப்பமானி 150, ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் பத்து 60, 5 மில்லி சிரிஞ்ச் நான்கு 40, ஒரு வாஸ்லின் டப்பா, ஒரு கோடு போட்ட நோட்டு. இதில் அதிகம் உழைத்தது தராசும் நோட்டும்தான்.

பேதி என்று நினைத்தது பேதி இல்லை

முதல் அறிகுறி, பின்புறத்தில் ஒட்டிக் காய்ந்த, பசை போன்ற, நாற்றமடிக்கும் உருண்டை. பேதி என்று முடிவு கட்டி, கொஞ்சநஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்த கீரையையும் புல்லையும் நிறுத்திக் குச்சியை மட்டும் வைத்தோம். வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று ஒரு கரண்டி தயிரும் போனது. முழுக்கத் தலைகீழான வைத்தியம். ஐந்து நாளில் ஒட்டல் இரட்டிப்பானது.

முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று உருண்டையான காய்ந்த புழுக்கை. மற்றது திராட்சைக் கொத்து மாதிரி, பளபளவென்று சளி பூசிய மென்புழுக்கை. இதை முயல் குனிந்து நேராக வாயிலேயே வாங்கித் தின்றுவிடும். அதிலிருக்கும் சத்து அதற்கு வேண்டும். மாவும் இனிப்பும் கூடினால் இந்த இரண்டாவது குழைந்து, கொத்தாக இல்லாமல் கூழாகிவிடும், அல்லது வயிறு நிறைந்திருப்பதால் முயல் அதைத் தின்னாமல் விட்டுவிடும். உடம்பு பருத்து வாய் எட்டாத முயலும், முதுகு வலிக்கிற கிழட்டு முயலும்கூட விட்டுவிடும். ஆக, பார்க்க வேண்டியது ஒன்றுதான். தட்டில் காய்ந்த புழுக்கையும் உருண்டையாக விழுகிறதா? விழுந்தால் இது பேதி இல்லை, தீனிக் கோளாறு. உருண்டையே இல்லாமல் எல்லாம் தண்ணீராகப் போனால் அதுதான் பேதி. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். தாயை விட்டுப் பிரித்த குட்டி என்றால் குடலில் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று சாணப் பரிசோதனை கேட்க வேண்டும். குட்டிகள் ஒரே நாளில் போய்விடும்.

ஒட்டியதை எடுப்பதிலும் பாடம் உண்டு. பிய்த்து இழுக்கக் கூடாது. முயல் தோல் காகிதம் மாதிரி, முடியோடு கிழிந்து வரும். முழுக்குளியலும் வேண்டாம், பயந்து உதறும்போது பின்கால் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியலாம். அகலமான பேசினில் மூன்று செ.மீ. உயரம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, முன்னங்கால் வெளியே துண்டின்மேல் இருக்க, பின்பாகத்தை மட்டும் ஐந்து நிமிடம் ஊறவிட்டால் தானாக நழுவுகிறது. துடைத்து, ஈரம் போக உலர்த்தியை மிதச்சூட்டில் கை தூரத்தில் வைத்துக் காட்டலாம். லேசாக ஒட்டியிருந்தால் கான்ஃப்ளவர் மாவு தூவிச் சீப்பால் வாரினாலே போதும். ஈ மொய்க்கும் காலத்தில் காலை மாலை இரண்டு வேளையும் தூக்கிப் பார்ப்பது கட்டாயம். அழுக்கில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்து சதையைத் தின்னத் தொடங்கிவிடும்.

நின்றுபோன இரவு

இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய். மாலை ஏழு மணிக்குக் கேரட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மதியத்திலிருந்து தட்டில் புழுக்கை இல்லை. வயிற்றைத் தரையில் அழுத்தி நீட்டிப் படுப்பதும், எழுந்து கூனிக் குறுகி உட்காருவதுமாக இருந்தது. பல்லைக் கரகரவென்று அரைக்கும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டது. சந்தோஷத்தில் மெல்லக் கொறிப்பது வேறு, இது வேறு, இது வலி. காது மடல் சில்லென்றிருந்தது.

காலை வரை பார்க்கலாம் என்று விட்டதுதான் இந்தப் பதிவிலேயே பெரிய தப்பு. விடியற்காலை ஐந்து மணிக்கு வெப்பமானி 37.4 காட்டியது. முயலுக்கு 38.5 முதல் 39.5 வரை இருக்க வேண்டும். 38-க்குக் கீழே போனால் உடம்பு கைவிடத் தொடங்கிவிட்டது என்று பொருள். (நுனியில் வாஸ்லின் தடவி, ஒன்று அல்லது ஒன்றரை செ.மீ.க்கு மேல் உள்ளே விடாமல், ஒருவர் பிடிக்க ஒருவர் பார்க்க வேண்டும்.) வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வைத்தோம். சூடு போதுமென்றால் அது நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் முதல் வேலை எக்ஸ்ரே. அது ஏன் முதலில் என்றால், வயிறு பந்து மாதிரி உப்பி, தட்டினால் முரசு மாதிரி இருந்தால் அடைப்பாக இருக்கலாம். அடைப்பில் வாய்வழித் தீனியைத் திணிப்பதும், குடலைத் தள்ளும் மருந்தைக் கொடுப்பதும் ஆளையே கொன்றுவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. நல்லவேளை, இது குடல் ஓட்டம் மட்டும் நின்றது. தோலுக்கடியில் திரவம், வலி மருந்து, குடல் அசைய ஒரு ஊசி. எக்ஸ்ரேயோடு சேர்த்து 1,850 ரூபாய். மருந்தின் அளவை இங்கே எழுதவில்லை, அது எடை பார்த்து எழுத வேண்டியது. ஆனால் ஒன்றை எழுதியே ஆக வேண்டும்: வீட்டில் மிச்சமிருக்கும் குழந்தை சிரப்பைத் தொடாதீர்கள். அமாக்ஸிசிலின், கிளிண்டமைசின் போன்றவை வாய்வழி உள்ளே போனால் முயல் குடலின் நல்ல கிருமிகள் செத்து, நஞ்சு சுரக்கும் கிருமி தலையெடுத்துவிடும்.

எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் முடியும் தெரிந்தது. முடி அடைத்துத்தான் நின்றது, அன்னாசிச் சாறு கொடுங்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அன்னாசிச் சாறு முடியைக் கரைக்காது. குடல் ஓடிக்கொண்டிருந்தால் விழுங்கிய முடி புழுக்கையோடு போய்விடும். ஓட்டம் நின்றதால் அது தங்கியது. தங்கியதால் நின்றது இல்லை. அதற்கு மேல் சாற்றில் இருப்பது சர்க்கரை.

சிரிஞ்சில் ஊட்டியது

மூன்று நாள் கையால் ஊட்ட வேண்டியிருந்தது. கணக்கு, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 மில்லி கூழ். 2.1 கிலோவுக்கு 105 மில்லி. நான்கு மணிக்கொரு முறை, வேளைக்கு 17 அல்லது 18. விற்பனைக்கு வரும் நோயாளி முயல் பொடி ஒரு பங்குக்கு வெந்நீர் இரண்டு பங்கு. பொடி தபாலில் வர இரண்டு நாள் ஆனதால், அதுவரை நார் கூடிய குச்சியை மிக்ஸியில் பொடித்து, 10 கிராமுக்கு 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கால் மணி ஊறவைத்துக் கொடுத்தோம்.

உலர்புல்லையும் மிக்ஸியில் அடித்துக் கலந்தால் நல்லதுதானே என்று பார்த்தது பலிக்கவில்லை. எவ்வளவு அரைத்தாலும் ஊசி மாதிரி நார் நிற்கிறது. சிரிஞ்ச் வாயில் அடைத்துக்கொள்கிறது, அழுத்தினால் ஒரேயடியாகப் பீய்ச்சுகிறது. பீய்ச்சினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும். 10 மில்லி சிரிஞ்சிலும் இதே ஆபத்துதான். கடைசியில் ஒத்துவந்தது 1 மில்லி சிரிஞ்சின் மூக்கைப் பிளேடால் முழுக்க அறுத்து, விளிம்பை உப்புத்தாளில் வழவழப்பாக்கியது. பதினேழு தடவை நிரப்ப வேண்டும், அரை மணி ஆகும். ஆனால் ஒரு சொட்டுகூட முயலின் மூக்கில் வரவில்லை.

மடியில் துண்டு விரித்து, முயலைக் கழுத்துவரை சுற்றிப் பின்கால் அசையாமல் பிடிக்க வேண்டும். மல்லாத்தக் கூடாது. முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் பல்லில்லாத இடைவெளி இருக்கிறது. சிரிஞ்சை அங்கே நுழைத்துக் கால் மில்லி தள்ளி, மென்று விழுங்கும்வரை காத்திருந்து அடுத்தது. ஊசி போட்ட பதினான்கு மணி நேரத்தில் முதல் புழுக்கை விழுந்தது. மிளகு அளவுதான். அப்போது எடை 1,985 கிராம். உடம்பில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கரைந்திருந்தது.

உலர்புல்

இந்த ஏழு வாரத்தில் பாதி நேரம் புல்லில்தான் போனது. முயல் தின்பதில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாகவோ உலர்புல்லாகவோ இருக்க வேண்டும். குடலைத் தள்ளுவதும் அதுதான், வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளரும் பல்லைத் தேய்ப்பதும் அதுதான். இறக்குமதி திமோத்திப் புல் கிலோ 850 ரூபாய்க்குக் கிடைத்தது. தரம் நன்றாக இருந்தது, பைக்குப் பை மாறியது.

வைக்கோல் போதாதா என்று முதலில் பார்த்தோம். 80 கிராம் வைத்தால் மறுநாள் 74 கிராம் அப்படியே இருந்தது. நெல் வைக்கோலில் சத்தும் இல்லை, சுவையும் இல்லை. மாட்டுக்கு வேறு வயிறு. வைக்கோலைக் கழிவுத் தட்டில் காகிதத்துக்கு மேல் பரப்ப வைத்துக்கொண்டோம். அதற்கு அது உத்தமம்.

அடுத்து அருகம்புல். மலைக்கோட்டை மாணிக்க விநாயகர் சன்னதிப் பக்கம் பிள்ளையாருக்கு விற்கும் கட்டு இருபது ரூபாய்க்கு 60 கிராம் தேறியது. பச்சையாகத் தர நல்லது. உலர்த்துவதற்கு அந்த விலை கட்டாது. பிறகு களைக்கொல்லி அடிக்காத ஒரு தென்னந்தோப்பில் அருகும் கொழுக்கட்டைப் புல்லும் கலந்து அறுத்துவந்தோம். கதிர் விடுவதற்கு முன்னால் அறுத்தால்தான் இலை மிஞ்சும். நகருக்குள் சாலையோரப் புல்லைத் தொடவில்லை. நாய் மூத்திரம், வண்டிப் புகை. புல்வெட்டும் எந்திரத்தில் நசுங்கி விழும் சீவலும் வேண்டாம், அது அரை நாளில் புளித்து வயிற்றை உப்பவைக்கும். இளம் சோளத்தட்டை பக்கமே போகக் கூடாது, அதில் சயனைடு நஞ்சு உண்டு.

முதல் இரண்டு கிலோவை அறுத்த கையோடு சாக்கில் திணித்து இரவு விட்டுவிட்டோம். காலையில் கையை விட்டால் சாக்கின் நடுவே சூடு, புளித்த வாடை. அத்தனையும் செடித் தொட்டிக்குப் போனது. இரண்டாவது முறை நேராக வெயிலில் போட்டோம். ஒரே நாளில் காய்ந்தது, ஆனால் வெளுத்து, இலையெல்லாம் தூளாகி, குச்சி மட்டும் மிஞ்சியது. முயல் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை தகரக் கொட்டகை நிழலில் பழைய புடவை விரித்து இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நாலு மணிக்கொரு தரம் புரட்டினோம். மூன்று நாள். ஒரு கைப்பிடியை முறுக்கினால் சடசடவென்று முறிய வேண்டும், தூளாகக் கூடாது. கணுவை நகத்தால் கீறினால் ஈரம் தெரியக் கூடாது. 2 கிலோ பச்சை 520 கிராம் ஆனது. நிறம் பச்சை மாறவில்லை, மணமும் இருந்தது. சணல் சாக்கில் தரையிலிருந்து உயர்த்தித் தொங்கவிட்டோம். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வைத்த ஒரு பங்கு பத்து நாளில் பூசணம் பிடித்தது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை நடக்காது. புரட்டாசிக்குள் சேர்த்துவிட வேண்டும்.

புல்லைப் போடும் கூடையை 30க்கு 25 செ.மீ. வெல்ட் மெஷ் துண்டில் மடக்கினோம், கண் ஒரு அங்குலம், துண்டு 120 ரூபாய். முதலில் பிளாஸ்டிக் டையால் கட்டியது ஒரே இரவில் கொறிபட்டது. விழுங்கியிருந்தால் அதுவே அடைப்பு. இப்போது கட்டுக்கம்பி, முறுக்கு நுனி வெளிப்பக்கம் மடக்கியது. கூடையைக் கழிவுத் தட்டுக்கு நேர் மேலே மாட்டியதும் தின்னும் அளவு 38 கிராமிலிருந்து 60-க்கு ஏறியது. முயல் கழித்துக்கொண்டே மேய்கிற பிராணி. சாப்பாடும் கக்கூசும் ஒரே இடத்தில் இருப்பது நமக்குத்தான் சங்கடம்.

தண்ணீரிலும் இப்படி ஒரு வித்தியாசம் வந்தது. குழாய் முனையுள்ள தொங்கும் பாட்டிலில் நாளுக்கு 90 மில்லி குடித்தது, கனமான மண்சட்டியில் வைத்ததும் 190. எடை கிலோவுக்குச் சுமார் 100 மில்லி என்ற கணக்குக்கு அதுதான் கிட்ட வருகிறது.

குச்சியைக் குறைத்தது

அவசரப்பட்டு ஒரே நாளில் 110 கிராமை 40 ஆக்கினோம். புல்லைப் பழகாத முயல் பட்டினி கிடந்தது. நான்கு நாளில் 90 கிராம் எடை போனது, புழுக்கை மறுபடி சிறுத்தது. திரும்ப 100-க்கு ஏற்றி, மூன்று நாளைக்கு 10 கிராம் என்று இறக்கினோம். அதே சமயம் பழைய குச்சியில் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று நார் 20 சதவீதத்துக்கு மேல் உள்ள புதுக் குச்சியைக் கலந்துவந்தோம். பையின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். மக்காச்சோளத் துண்டும் சூரியகாந்தி விதையும் கலந்த வண்ண வண்ண தீனி கடையில் அழகாக இருக்கும். முயல் அதில் இனிப்பை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடும். முடிவான அளவு 40 கிராம், மாலையில் மட்டும். காலையில் குச்சி இல்லாததால் புல் தின்கிறது.

கீரை மூன்றாவது வாரத்துக்குப் பிறகு, ஒரு நேரத்தில் ஒன்று, இரண்டு நாள் இடைவெளி விட்டு. கொத்தமல்லி 20 கிராம், பிறகு புதினா, முள்ளங்கி இலை, கேரட் தழை. எல்லாம் ஒத்துப்போயின, இப்போது மொத்தம் 120 கிராம். முட்டைக்கோஸ் வெளியிலை 15 கிராம் வைத்த மறுநாள் பின்புறம் ஒட்டியது, நிறுத்தினோம். முருங்கைக் கீரையை ஆசையாகத் தின்கிறது. ஆனால் அதிலும் குதிரைமசால் என்ற தீவனப் பயிரிலும் சுண்ணாம்புச் சத்து கூட, சிறுநீர் சுண்ணாம்புக் கரைசலாக இறங்கும். ஆகவே முருங்கை வாரத்துக்கு ஒரு கொத்து மட்டும், குதிரைமசால் வளரும் குட்டிக்கு மட்டும். முளைக்கீரை, பசலை எப்போதாவது. சிறுநீர் ஆரஞ்சாகப் போவதைப் பார்த்து ஒருநாள் பதறினோம். கீரைச் சாயம்தான், இரண்டு நாளில் தெளிந்தது. வெங்காயம், பூண்டு, உருளைச் செடி, அவகாடோ, அரளி, எருக்கு எதுவும் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. கேரட் இப்போது வாரம் இரண்டு முறை, கட்டைவிரல் அகலத்துண்டு. சப்பாத்தி, பிஸ்கட் முடிந்தது. வீட்டில் பெரியவர்களை இதற்குச் சம்மதிக்கவைத்ததுதான் எல்லாவற்றிலும் கடினம்.

ஆறாவது வாரம் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது மதியம் நாலு மணி நேரம் மின்வெட்டு, அறைக்குள் 37 டிகிரி. மறுநாள் புழுக்கை 41-லிருந்து 22 கிராமுக்கு விழுந்தது, தீனியில் எந்த மாற்றமும் இல்லாமல். முப்பதைத் தாண்டினாலே முயலுக்குச் சூடு தாங்காது. தின்பதை நிறுத்தும், வயிறு நிற்கும். இப்போது உறைபெட்டியில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு எப்போதும் தயார். துணியில் சுற்றிப் படுக்கும் இடத்தில் வைத்து, ஈரக்கையால் காது மடலை மட்டும் துடைக்கிறோம். ஐஸ் தண்ணீரில் முக்குவது கூடாது.

மாதச் செலவு: குச்சி 1.2 கிலோ 480 ரூபாய், திமோத்தி ஒரு கிலோ 850, கீரை 300, தோப்புக்குப் போகப் பெட்ரோல் 100, மொத்தம் 1,730. மீதி ஒன்றரைக் கிலோ உலர்புல் நாமே காயவைப்பது, அதற்கு ஆறு கிலோ பச்சை வேண்டும். பழைய தீனிக்குக் குச்சி மட்டும் 200 ரூபாய்தான் ஆனது, அந்த ஒரு நாள் பில்லைச் சேர்க்காமல்.

அடுத்த முறை மாற்றிச் செய்யப்போவது: புழுக்கை எடையை நோய் வந்த பிறகு இல்லாமல் வாங்கிய நாளிலிருந்தே வாரம் ஒருமுறை எழுதுவது. எந்த எடை வழக்கமானது என்று தெரியாமல் எந்த எடை குறைவு என்று சொல்ல முடியவில்லை. நோயாளிப் பொடி ஒரு பாக்கெட் முன்கூட்டியே குளிர்பெட்டியில். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்று ஒரு கணக்கு எங்கும் சொல்வார்கள்; இங்கே மாலையில் கேரட்டை மறுத்து, தட்டும் காலியாக இருந்தால் அன்று இரவே கிளம்புவது, அதற்கு இரவில் முயல் பார்க்கும் மருத்துவர் யார் என்று இப்போதே விசாரித்து எண்ணைக் கதவில் ஒட்டுவது. எக்ஸ்ரேயின்போது கடைவாய்ப் பல்லையும் பார்க்கச் சொல்லவில்லை. பல் கூர் நாக்கைக் கிழித்தாலும் முயல் தின்னாது. அதற்கு அடுத்த வாரம் நாள் வாங்கியிருக்கிறது. கொட்டகையில் நாலாவது ஈடு புல் காய்கிறது, இன்று இரண்டாவது புரட்டல்.